மதகில் மோதிய மோட்டார்ச் சைக்கிள்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய உரை)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு எதிரே "பழைய மோட்டார்ச் சைக்கிள் ஒன்றைத் திருத்திய வரலாறு" என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு முன் வரிசையிலிருக்கும் பெரியவர்கள் சிலர் புன்னகை செய்ததை நான் கவனிக்காமலில்லை. அது நியாயமே. இம் மேடையில் இலக்கியம் பேசப்பட்டதுண்டு. கிறீசும் ஒயிலும் பேசப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை. ஆயினும் அவ் வண்டியைத் திருத்தப்போன இடத்தில், எங்கள் குடும்பத்தில் ஐம்பத்தைந்து வருடமாக நிலைத்திருந்த ஒரு தீர்ப்பையும் திருத்தவேண்டி வந்தது. அதனாலேயே துணிந்து உங்கள் முன் நிற்கிறேன்.

எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டிலின் மூலையில், கிடுகுக் கட்டுகளுக்குப் பின்னால், நான் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே ஒரு மோட்டார்ச் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அது பி. எஸ். ஏ. கம்பெனியார் செய்த பான்ரம்; டி 1 என்னும் மாதிரி; 1956ஆம் ஆண்டு வண்டி. என் அப்பப்பா அதை 1964இல் பழைய வண்டியாகவே வாங்கினார். 1967இல் அவருடைய தம்பி, எங்கள் சின்ன அப்பப்பா, பத்தொன்பது வயது வாலிபர், ஒருநாட் காலை அதை இரவல் கேட்டு வாங்கிச் சென்றார். வயல்வெளிக்கு நடுவே போகும் வீதியில் ஒரு மதகின் கட்டோடு மோதினார். வலது தொடையெலும்பு முறிந்தது. பொருந்திய எலும்பு சரியாகப் பொருந்தவில்லை. அக் கால் ஓர் அங்குலம் கட்டையாயிற்று. அவர் சேரவிருந்த உத்தியோகம் வெளிக்கள வேலை. காலோடு அதுவும் போயிற்று.

கால் போனது ஒரு துன்பம். பெயர் போனது மற்றொன்று. "ஐம்பது மைல் வேகத்திலை பறந்துபோய் மதகிலை அடிச்சவன்" என்பது வீட்டார் தீர்ப்பு. அப்பப்பா அதைக் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. சிறுவயதில் நாங்கள் சைக்கிளைச் சற்று விரைவாக ஓட்டினாலும், "சின்ன அப்பப்பாவைப் போல வரப்போறியோ?" என்றே கேட்பார்கள். சின்ன அப்பப்பாவோ வண்டி தானாகவே பிடித்துக்கொண்டது என்று முதலிற் சொல்லிப் பார்த்திருக்கிறார். எவரும் செவிசாய்க்காதபடியால் பிறகு அதைப்பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

வண்டியை அப்போதே திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அக் காலத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி இறுக்கமாக இருந்தது; உதிரிப்பாகம் கிடைப்பது குதிரைக் கொம்பு. 1977க்குப் பின் இறக்குமதி தளர்ந்தபோது ஜப்பானிய வண்டிகள் வந்து குவிந்தன. கோணிப்போன பான்ரத்தை யார் நினைப்பார்? 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. எங்கள் வீட்டாரும் கையிலகப்பட்டதோடு புறப்பட்டார்கள். மறு ஆண்டு திரும்பி வந்தபோது நல்ல சைக்கிள்கள், தண்ணீர்ப் பம்பி, கதவுகள்கூட இல்லை. முன் விளக்கும் இருக்கையும் மாத்திரம் போக, பான்ரம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதன் கோணலே அதைக் காப்பாற்றியது.

நான் அதிற் கைவைத்தது 2022இல். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த காலம். நாட்டில் பெற்றோல் இல்லை. நிரப்பு நிலையங்களில் வரிசை மைல் கணக்கில் நின்றது. பெற்றோலே இல்லாத காலத்தில் மோட்டார்ச் சைக்கிள் திருத்தத் தொடங்கியவன் என்று என் நண்பர்கள் கேலி செய்தார்கள். எனக்கு அது வசதியாகவே இருந்தது. வண்டி சீக்கிரம் ஓடவேண்டுமென்ற அவசரம் இல்லை.

வண்டியின் பூர்வீகத்தைச் சற்றுச் சொல்லவேண்டும். பி. எஸ். ஏ. என்பது இங்கிலாந்தின் பேமிங்காம் நகரில் 1861இல் துப்பாக்கி செய்வோர் கூடி நிறுவிய கம்பெனி. ஒன்றோடொன்று சாய்த்து வைத்த மூன்று துப்பாக்கிகளே அதன் முத்திரை. பான்ரம் என்றால் சிறு சாதிக் கோழி. ஆனால் இந்தக் கோழி முட்டை இங்கிலாந்தில் இட்டதன்று. ஜேர்மனியில் சொப்பாவ் என்னும் ஊரில் இருந்த டி. கே. டபிள்யூ. தொழிற்சாலையில் ஹேர்மன் வேபர் என்னும் பொறியியலாளர் 1939 அளவில் அமைத்த ஆர். ரி. 125 என்ற வண்டியே இதன் மூலம். யுத்தத்தில் தோற்ற ஜேர்மனியிடமிருந்து நட்டஈடாக அந்த அமைப்பு வென்றவர்கள் கைக்குப் போயிற்று. ருஷியாவில் அதைச் செய்தார்கள். அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் கம்பெனியார் செய்தார்கள். இங்கிலாந்தில் 1948இல் பான்ரமாக வெளிவந்தது. கியர் மிதி வலப்பக்கம் இருப்பதே ஆங்கிலேயர் வழக்கமாகையால், எஞ்சினைக் கண்ணாடியிற் பார்த்ததுபோல இடம்வலமாக மாற்றிவிட்டார்கள். 1955இல் யமஹா கம்பெனியார் செய்த முதலாவது மோட்டார்ச் சைக்கிளும் இதே மூலத்தைப் பார்த்துச் செய்ததுதான். இன்று நம் வீதிகளில் யமஹாவில் வேகமாகப் போகிறவர்கள், கொட்டிலிற் கிடந்த எங்கள் கோழியை இளக்காரமாகப் பார்க்கவேண்டியதில்லை, உறவு உண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மோதிய வண்டி ஒன்றைத் திருத்த எடுப்பவர்களிற் பலர் முதலிற் செய்வது துருவைச் சுரண்டி வர்ணம் அடிப்பது. அதைப் பூசி மெழுகுதல் என்றுதான் சொல்வேன். மோதல் என்பது ஓரிடத்தில் நடந்து அங்கேயே முடிந்துபோவதன்று. அந்த விசை முன் சக்கரத்தில் ஏறி, முன் கவை வழியே கழுத்துக்குப் போய், அங்கிருந்து சட்டத்துக் குழாய்களில் இறங்கி, எங்கே உலோகம் இளகிக் கொடுக்கிறதோ அங்கே தங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் நெளிவு அதிற் கால்வாசிதான்.

எவ்வளவு விசை என்பதைப் பௌதிக மாணவன் என்ற முறையிற் கணக்கிட்டுப் பார்த்தேன். மணிக்கு 30 மைல் என்பது வினாடிக்கு 44 அடி. ஒரு பொருள் மேலிருந்து விழுந்து அந்த வேகத்தை அடையவேண்டுமானால் 30 அடி உயரத்திலிருந்து விழவேண்டும். வேகம் பாதியாகி 15 மைலானால் உயரம் ஏழரை அடிதான். ஏனெனில் இயக்கப்பாட்டுச் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்குவது. 50 மைலென்றால் உயரம் 83 அடி. அதாவது, நன்றாக வளர்ந்த பனையொன்றின் வட்டிலிருந்து வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தலைகீழாகக் கீழே போட்டதற்குச் சமன். இக் கணக்கைச் சற்று ஞாபகத்தில் வைத்திருங்கள்.

அளக்கும் வேலைக்கு எனக்கு உதவியவர் ஒரு மேசன். எங்கள் அயலில் மதில் கட்ட வந்திருந்தவர். "தம்பி, சுவரெண்டாலென்ன வண்டியெண்டாலென்ன, நூல் பொய் சொல்லாது" என்று தம்முடைய நூலையும் தூக்குக் குண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, இரண்டு சக்கரங்களின் அச்சிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, சீமெந்துத் தரையிற் புள்ளியிட்டு அளந்தோம். இம் மாதிரிக்கு 50 அங்குலம் இருக்கவேண்டிய இடைத்தூரம் 48க்குச் சற்றே அதிகமாக இருந்தது. அதன்பின் பின் சக்கரத்தின் இருபுறமும் தொட்டுக்கொண்டு இரண்டு நூல்களை முன்னோக்கி இழுத்துக் கட்டினோம். கோணலில்லாத வண்டியென்றால் முன் சக்கரம் அந்த இரு நூல்களுக்கும் சரிநடுவில் நிற்கும். எங்கள் சக்கரம் இடது நூலை முட்டிக்கொண்டு நின்றது.

முன் கவைக் குழாய்களைக் கழற்றி, வீட்டு மேசைக் கண்ணாடியின் மேல் உருட்டினேன். நேரான குழாய் சத்தமின்றி உருளும். வளைந்த குழாய் நொண்டும். கண்ணாடிக்கும் குழாய்க்கும் இடையில் வெளிச்சம் தோன்றித் தோன்றி மறையும். இரண்டு குழாய்களும் நொண்டின. ஒன்றில் கீழ்ப்பிடிக்கு அருகே மடிப்பும் விழுந்திருந்தது. கைபிடி திரும்பும் கழுத்திலே சிறு உருக்குக் குண்டுகள் வட்டமாக ஓடும் கிண்ணங்கள் உண்டு. அக் கிண்ணங்களிற் குண்டு குண்டாகப் பள்ளம் பதிந்திருந்தது. மோதிய கணத்தில் ஒவ்வொரு குண்டும் எங்கே நின்றதென்பதை அப் பள்ளங்கள் ஐம்பத்தைந்து வருடம் காட்டிக்கொண்டிருந்தன. கைபிடி அப்போது ஏறக்குறைய நேராகவே இருந்திருக்கிறது; அவர் திருப்பித் தப்ப முயன்று முடியாமற் போயிருக்கிறது என்று அன்று நினைத்தேன்.

எதை நிமிர்த்துவது, எதை வீசுவது என்ற கேள்வியில் என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. உருக்குக்கு ஒரு மீள்தன்மை எல்லை உண்டு. அதற்குள் வளைந்தால் தானே திரும்பும். அதைத் தாண்டினால் வளைந்தது வளைந்ததே. மீண்டும் நிமிர்த்தலாம், ஆனால் நிமிர்த்தும் ஒவ்வொரு முறையும் அது சிறிது முறுகிப்போகிறது. வேலிக் கம்பியை இங்குமங்கும் நாலுதரம் வளைத்தால் ஒடிகிறதல்லவா? ஆகவே மடிப்பு விழுந்த குழாய், பிறேக் சம்பந்தப்பட்ட கம்பி, சக்கரத்தின் அச்சு ஆகியவற்றை நிமிர்த்திப் போடுவதென்ற பேச்சுக்கே இடமில்லை. பான்ரம் செய்வது 1971இல் நின்றுவிட்டாலும் அதன் பாகங்களை இங்கிலாந்தில் சிறு பட்டறைகள் இன்றும் செய்து விற்கின்றன. கவைக் குழாய்களையும் கிண்ணங்களையும் தபாலில் வரவழைத்தேன். ஒருவருடச் சேமிப்பு அதிற் போயிற்று.

சட்டத்தை அப்படி வீசமுடியாது. அதிலே பொறித்த இலக்கம்தான் பதிவுப் புத்தகத்தில் உள்ளது. சட்டத்தை மாற்றினால் அது வேறு வண்டி. கழுத்துக்குச் சற்றுக் கீழே முன் குழாய் பின்னோக்கித் தள்ளுண்டிருந்தது. ஆனால் மடிப்பு இல்லை. வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க லேத்துப் பட்டறைக்காரர் ஒரு வழி சொல்லித் தந்தார். மூட்டுக்களை மண்ணெண்ணெயால் நனைத்து, சிறிது நேரம் விட்டு நன்றாகத் துடைத்து, வகுப்பறைச் சோக்கைத் தூளாக்கித் தூவவேண்டும். வெடிப்பிருந்தால் அதற்குள் ஒளிந்த மண்ணெண்ணெய் மெதுவாகக் கசிந்து சோக்குத்தூளிற் கறுத்த கோடு இழுக்கும். கோடு விழவில்லை. அதன்பின் கழுத்துக்குள் தடித்த இரும்புத் தண்டொன்றைச் செருகி, சட்டத்தைக் கட்டையோடு பிணைத்து, லொறிக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ஜாக்கினால், நெருப்புக் காட்டாமல் சிறிது சிறிதாகத் தள்ளினோம். விட்டவுடன் கொஞ்சம் பின்வாங்கும். அந்தப் பின்வாங்கலையும் கணக்கிற் சேர்த்துத் தள்ளவேண்டும். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒருதரம் நூல். இரண்டு சனி ஞாயிறுகள் சென்றன. மூன்றாம் ஞாயிறு சக்கரம் இரு நூல்களுக்கும் நடுவில் நின்றபோது மேசன் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலை போட்டார்.

அந்த நாட்களிலேதான் எனக்கு முதற் சந்தேகம் எழுந்தது. பனை வட்டிலிருந்து விழுந்த வண்டியின் சட்டம், ஒரு ஜாக்குக்கு இப்படி மரியாதையாகத் திரும்பிக் கொடுக்குமா? 83 அடியிலிருந்து விழுந்ததை நிமிர்த்துவதென்றால் நிமிர்த்துவதற்கு என்ன மிஞ்சியிருக்கும்? மோதிய கணத்தில் வேகம் 50 மைல் அல்ல, அதிற் பாதியும் அல்ல என்று எனக்குத் தோன்றியது. அப்படியானால் நடுவில் வேகத்தைக் குறைத்தது எது?

பின் ரயரைக் கழற்றினேன். 1967இலிருந்து மாற்றாத ரயர். காய்ந்து பொருக்கு வெடித்திருந்தது. சுற்றிவர நெளிநெளியான வெட்டுக்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் ஓரிடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, றப்பர் முழுவதும் தேய்ந்து உள்ளே துணி தெரிந்தது. உருளும் சக்கரம் அப்படித் தேயாது. சக்கரம் பூட்டிக்கொண்டு, உருளாமல், வீதியில் இழுபட்டால் மாத்திரமே ஓரிடம் அப்படிச் சுரண்டுப்படும். பிறேக்கை மிதித்தாலும் சக்கரம் பூட்டும் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படியே நினைத்து எஞ்சினைத் திறந்தேன்.

திறப்பதே ஒரு தனிக்கதை. இன்றைக்குக் கடைகளில் விற்கும் மில்லிமீற்றர் ஸ்பானர் ஒன்றும் அந்த ஆங்கில நட்டுக்களுக்குச் சரிவராது. ஒன்றில் புகாது, அல்லது சுழன்று மூலையை மழுங்கச் செய்யும். விற்வேத் அளவு ஸ்பானர்கள் வேண்டும். பழைய சைக்கிள் திருத்தும் கடை ஒன்றில் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. கடைக்காரர், "ஆருக்குத் தம்பி இது இப்ப?" என்று கேட்டுக் கிலோக் கணக்கில் நிறுத்துத் தந்தார். அங்குலத்துக்கு 26 புரி உள்ள பழைய சைக்கிள் புரி பான்ரத்திலும் பலவிடங்களில் உண்டு. ஆகவே புரி வெட்டும் கருவியும் அவரிடமே கிடைத்தது.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. நெடுங்காலம் நின்ற வண்டியில் அது வழக்கமே. பிஸ்ரனும் சிலிண்டரும் துருவினால் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து ஊற்றி இரண்டு கிழமை விட்டு, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டினேன். கழன்றது. துருதான் காரணமென்றால் பிஸ்ரன் நின்ற இடத்தில் வளையமாகச் செந்துரு இருக்கவேண்டும், அது இருந்தது. ஆனால் அதன் அடியில் வேறொன்றும் இருந்தது. பிஸ்ரனின் பக்கங்கள் நகத்தாற் பிராண்டியதுபோல மேலும் கீழுமாகக் கிழிந்திருந்தன. அதன் வளையங்கள் உருகிப் பரவிய அலுமினியத்துக்குள் புதைந்து அசையாமற் கிடந்தன. சிலிண்டரின் இரும்புச் சுவரில், பிஸ்ரன் ஓடும் நீளம் முழுவதும், அலுமினியம் வெள்ளிக்கோடாகப் படிந்திருந்தது. நின்ற எஞ்சின் கோடு இழுக்காது. ஓடிக்கொண்டிருந்தபோதே பிடித்திருக்கிறது.

இதைச் சற்று விளக்கவேண்டும். காரிலும் இன்றைய மோட்டார்ச் சைக்கிள்களிலும் ஒயில் அடியிலே ஒரு தொட்டியில் நின்று, பம்பியினால் எங்கும் செல்கிறது. பான்ரம் இரண்டடி எஞ்சின். ஒயிலுக்குத் தொட்டியுமில்லை, பம்பியுமில்லை. பெற்றோலிலேயே ஒயிலைக் கலந்து ஊற்றவேண்டும். ஏறக்குறைய 20 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு ஒயில். அக் கலவை புகாராக எஞ்சினின் வயிற்றுக்குள் போகும்போது பெயரிங்குகளையும் பிஸ்ரனையும் நனைத்துவிட்டு, மேலே சென்று எரிகிறது. ஆகவே ஒயில் கலவாத பெற்றோலை ஊற்றினால் வண்டி முதலில் வழக்கம்போலவே ஓடும். உள்ளே நனைவு உலரும்வரைதான் அந்த ஓட்டம். உலர்ந்ததும் பிஸ்ரன் சூடேறி விரிகிறது. அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இருமடங்கு விரிவது. இரண்டுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளியோ அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு. அது அடைபட்டதும் பிஸ்ரன் சிலிண்டரைக் கவ்விக்கொள்கிறது. எஞ்சின் நின்றால் செயினும் நிற்கும்; செயின் நின்றால் பின் சக்கரமும் நிற்கும். அந்தக் கண்ணிமைப்புக்குள் கிளச்சைப் பிடித்தாலொழியத் தப்ப வழியில்லை. இரண்டடி வண்டியில் ஊறிய பழையவர்கள் எந்நேரமும் இரண்டு விரலைக் கிளச்சின் மேலே வைத்திருப்பது இதற்காகவே. பத்தொன்பது வயது இரவற்காரருக்கு அது எப்படித் தெரியும்?

கிராங்கைப் பிரித்தபோது மிச்சமும் தெரிந்தது. பெரிய பெயரிங் சூட்டினால் நீலம் பாரித்திருந்தது. கலவைப் பெற்றோல் ஓடிய எஞ்சின் நின்றுபோனால் உள்ளே பழைய ஒயில் பிசின்போல ஒட்டியிருக்கும். காபுறேற்றர்க் கிண்ணத்தின் அடியிலும் தேன்போலத் தங்கும். இங்கே இரண்டிடத்திலும் அதன் அடையாளம் இல்லை. கியர் மூன்றாவதில், அதாவது மேல் கியரில், நின்றது. பிறேக் பிடித்து வேகம் குறைத்து வருபவர் கியரையும் இறக்கியிருப்பார். முதல்நாள் அப்பப்பா அதே வண்டியிற் சந்தைக்குப் போய் வந்தவர் என்பதை அப்பம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். பிடித்துப்போன எஞ்சினில் எவரும் சந்தைக்குப் போக முடியாது. பிடித்தது அந்தக் காலையில்தான்.

பிஸ்ரனை ஒரு துணியிற் சுற்றிக்கொண்டு சின்ன அப்பப்பாவின் வீட்டுக்குப் போனேன். அவருக்கு அப்போது எழுபத்தைந்து வயது. அன்று காலை பெற்றோல் எங்கே அடித்தீர்கள் என்று கேட்டேன். வழியில் ஓரிடத்தில் நிறுத்தி ஒரு கலன் அடிக்கச் சொன்னதாகவும், ஒயில் கலந்தாயிற்றா என்று கேட்டதற்கு அங்கு நின்ற பையன் "ஓம், ஓம்" என்றதாகவும் சொன்னார். அவ்விடம் எதுவென்று இங்கே சொல்லத் தேவையில்லை. அது இல்லாமற்போய் நாற்பது வருடத்துக்கு மேல். நான் பிஸ்ரனைக் கையிற் கொடுத்து, பிராண்டிய கோடுகளைக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். அவர் கோடுகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "நான் அண்டைக்கே சொன்னனான், வண்டி பிடிச்சுப்போட்டுதெண்டு. ஆர் கேட்டவை?" என்றார். பிறகு, "கொண்ணர் கேட்டிருக்க வேணும்" என்று வாய்தவறிச் சொன்னவர், "கொப்பப்பா" என்று திருத்திக்கொண்டார். அப்பப்பா 2009இல் காலமானார்.

அப்பம்மாவிடமும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தகரப் பெட்டியிலிருந்து வண்டியின் பதிவுப் புத்தகத்தை எடுத்து, "இதைக் கொண்டுபோய்ச் சின்னத்தம்பியிட்டைக் குடு" என்றார். குடும்பத்திற் சின்ன அப்பப்பாவை அப்படித்தான் அழைப்பது. இன்று வண்டி அவருடையது.

எஞ்சின் வேலையின் மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது பணமும் பொறுமையும் கேட்ட வேலையேயன்றி வியப்பு ஒன்றுமில்லை. சிலிண்டரைப் பட்டறையில் அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு அகட்டிக் கடைந்து அதற்கேற்ற பெரிய பிஸ்ரன் போட்டோம். அளந்தது நான் படித்த மிஷன் பாடசாலையின் ஆய்வுகூடத்து நுண்மானித் திருகுக் கணிச்சியால்; விஞ்ஞான ஆசிரியர் கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தார். கிராங்குக்குப் புதுப் பெயரிங்கும், காய்ந்து கல்லான ஒயில் சீல்களுக்குப் பதிலாகப் புதியனவும் போட்டோம். இரண்டடி எஞ்சினின் வயிறு காற்றுப் புகாமல் இருந்தாற்றான் அது மூச்சு விடும்; சீல் கசிந்தால் எத்தனை உதைத்தாலும் உயிர் வராது. முன் சக்கரத்துக்குப் புது றிம் போட்டு 36 கம்பிகளையும் கோத்துக் கோணல் எடுத்தவர் அந்தச் சைக்கிள் கடைக்காரரே. சக்கரத்தைச் சுழலவிட்டுச் சோக்குத் துண்டை ஓரத்திற் பிடித்தபடி அவர் கம்பிகளை முறுக்கிய கைநயத்துக்கு எந்தப் பட்டமும் ஈடாகாது.

பெற்றோல் தாங்கியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெறுந் தாங்கிதானே என்று எவரும் வெல்டிங் நெருப்பை அதனருகே கொண்டுபோகக் கூடாது. நிறைந்த தாங்கியைவிட வெறுந் தாங்கியே ஆபத்து. உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். பலமுறை கழுவி, நெருப்பு வைக்கும் இடம் தவிர மற்றதெல்லாம் தண்ணீரால் நிரப்பியபின்னரே பட்டறைக்காரர் தொட்டார். உள் துருவை வினாகிரி ஊற்றி நாலைந்து நாள் ஊறவைத்து, சிறு நட்டுக்களை உள்ளே போட்டுக் குலுக்கி எடுத்தோம்.

தாங்கியின் வலப்பக்கத்தில் ஒரு பெரிய நெளிவு இருந்தது. மோதலில் அவருடைய முழங்கால் அடித்த இடம். பழைய வண்டிப் பிரியர்கள் சிலர் இப்படியான தழும்புகளை அப்படியே விடவேண்டும், அதுவே வண்டியின் சரித்திரம் என்பார்கள். நானும் அந்தக் கட்சியே. ஆனால் வண்டிக்காரரைக் கேட்க வேண்டுமல்லவா? கேட்டேன். "எடுத்துப்போடு தம்பி. என்ரை காலிலை இருக்கிறது காணும்" என்றார். எடுத்துவிட்டோம்.

வர்ணம் கடைசியாகத்தான் அடித்தோம். டி 1 வண்டிகளுக்கு வழக்கமான புகார்ப்பச்சையும், தாங்கியின் பக்கங்களில் பாலாடை நிறமும். தாங்கிக்கு அடியில் வெயில் படாத இடத்தில் பழைய வர்ணம் ஒரு விரற்கடை மிஞ்சியிருந்தபடியால் அதைப் பார்த்தே கலந்தார்கள். சரியான வேலைக்குமேல் அடித்த வர்ணத்தில் எனக்குக் குறை ஒன்றுமில்லை.

2024 சித்திரையில் வண்டி உயிர் பெற்றது. பதினொராவது உதையில். அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. "உந்தச் சாமான் மனிசரைக் கொல்லப் பார்த்தது" என்று இரண்டு வருடம் சொல்லிவந்தவ, அன்று மாத்திரம், "சத்தம் தையல் மெசின் மாதிரிக் கிடக்கு" என்றா. தலைக்கவசமில்லாமல் படலை தாண்டக்கூடாது, 25 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று இரண்டு சட்டம் போட்டிருக்கிறா. இரண்டாவதை மீற வண்டிக்கே அதிகம் விருப்பமில்லை.

சபையோர்களே, எனக்குத் தந்த நேரம் முடிந்து மணியும் அடித்தாயிற்று. வண்டியைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு காலைகளில் எங்கள் வீட்டுக்கு வரலாம். உதைத்துப் பார்க்க ஆசையுள்ளவர்கள் வலது காலுக்குச் சப்பாத்து அணிந்து வாருங்கள். மிதி சில வேளைகளில் திருப்பி அடிக்கும். ஒயில் அளப்பதற்கு மட்டும் எவரும் முன்வர வேண்டாம். அக் காலத்துப் பான்ரத்தின் பெற்றோல் மூடியிலேயே அளவுக் கிண்ணம் ஒன்று உண்டு. அதைச் சின்ன அப்பப்பாவே திறந்து, தம் கையாலேயே அளந்து ஊற்றி, வண்டியை இருபுறமும் சாய்த்துக் குலுக்கிவிட்டுத்தான் சாவியைத் தருவார். அதில் வேறெவரையும் கைவைக்க விடமாட்டார்.